சிவப்புப் பக்கம் சாய்ந்த வெள்ளை

ஜமீன் புலவர் அம்பலவாணர், சாயக்காரி மாராயியிடம் ஜமீன்தாரம்மாளின் வெள்ளைப் பட்டுச்சேலையைக் கொடுத்தார்.

"இதில் சிவப்பின் சாயல் வேண்டும். 'சாய்' என்பதிலிருந்து வந்த சொல் அது. வெள்ளை, சிவப்புப் பக்கம் சற்றே சாயவேண்டும், விழுந்துவிடக் கூடாது. தவறினால் சாயத்தொட்டியை மூடிவிட்டு ஊரைவிட்டுப் போய்விடு."

மூன்று முறை சாயத்தில் முக்கிக் கொண்டுபோனாள். மூன்று முறையும் புலவர் திருப்பி அனுப்பிவிட்டார். அவளுக்குக் கையும் இடுப்பும் விட்டுப்போயின. அப்புறம் தொட்டிப் பக்கமே போகாமல் அதே சேலையை மடித்து மடித்து நீட்டினாள். திங்களன்று "வெள்ளை" என்றார். செவ்வாயன்று "சிவப்பு" என்றார். புதனன்று ஜமீன்தார் முன்னிலையில், "இன்னும் வெள்ளைதான். கிளம்பு" என்றார்.

நிற்கத் தெம்பில்லாமல் மாராயி தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"மூணு நாளா இதுல நான் சாயமே போடலே, சாமி. நேத்து சிவப்புன்னீங்க, இன்னிக்கு வெள்ளைங்கறீங்க. எந்தப் பக்கம்னு உங்களுக்கே பிடிபடலேன்னா, அதுதானே நீங்க கேட்ட சாயல்?"

ஜமீன்தார் சேலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "இவள் இங்கேயே இருக்கட்டும்" என்றார்.

"சரிங்க எசமான். நாலு நாளைக்கு மட்டும் யாரும் வந்து எந்த நிறமும் கேக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டு, சுவரைப் பிடித்து எழுந்து நடந்தாள்.