கோபுரத்தைத் தாங்கிய சங்கம்

ஆமைக்காட்டூர் விசைத்தறிச் சங்கத்தார் இத்தாலிக்குக் கிளம்பியபோது ஊரே நிம்மதியாக வழியனுப்பியது. சங்கத் தலைவர் பொங்கியண்ணன். அவருக்குப் பசி மட்டும் தாங்காது. அறிவு உட்பட மற்ற எது இல்லாவிட்டாலும் சமாளித்துவிடுவார்.

பீசா நகரத்தில் இறங்கினார்கள். பழைய ஊர். சாய்ந்தபடியே நூற்றாண்டுகளாக நிற்கும் பளிங்குக் கோபுரம். கூட்டிவந்த வழிகாட்டி எஸ்தர், "நான் சாப்பாட்டுக்குச் சொல்லிட்டு வர்றேன். அதுவரைக்கும் எல்லாரும் கோபுரத்தைப் பிடிங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் சொன்னது, தாங்குவதுபோல் நின்று எடுக்கும் போட்டோவை.

சங்கத்தார் சுற்றிலும் பார்த்தார்கள். புல்வெளி நெடுக வெள்ளைக்காரர்கள் கோபுரத்தை நோக்கிக் கையை நீட்டி, மூச்சை அடக்கி நின்றார்கள். எதிரே அவர்களைப் படம் எடுக்கவும் ஆள் இருந்தது. நல்ல காரியம் செய்தால் படம் எடுத்துக்கொள்வது ஆமைக்காட்டூரிலும் உள்ள வழக்கம்தான். பொங்கியண்ணன் கையை நீட்டினார். மற்றவர்களும் நீட்டினார்கள். கோபுரம் விழவில்லை. எல்லோருக்கும் பெருமையாக இருந்தது.

மதியமானதும் வெள்ளைக்காரர்கள் பொறுப்பில்லாமல் சாப்பிடப் போனார்கள். அவர்கள் போகப் போகப் பொங்கியண்ணனுக்குத் தோளில் பாரம் ஏறியது. வயிறு அதற்கு மேல் கத்தியது.

எஸ்தர் வந்து கூப்பிட்டார், கெஞ்சினார், கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தார். கோபுரம் விழுந்தால் நீங்கள் பதில் சொல்வீர்களா என்று சங்கத்தார் கேட்டார்கள். கடைசியில் எஸ்தர் அந்த ஊரின் பேர்போன பலகாரத்தைப் புல்வெளிக்கே வாங்கிவந்தார். பெயர் செச்சீனா. கடலைமாவைக் கரைத்து, தட்டில் ஊற்றி அடுப்பில் சுட்டு, மேலே மிளகுத்தூள் தூவியது. நீட்டிய கையை எடுக்காமல் பொங்கியண்ணன் வாயை மட்டும் திறந்தார். ஓரம் மொறுமொறுப்பு, உள்ளே வெண்ணெய்போல் மிருது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பக்கத்தில் நின்ற நாச்சிமுத்து மென்றுகொண்டே யோசித்தார். "ஏனுங் தலைவரே, இது பஜ்ஜிங்க. வாழைக்காயக் காணோம்."

"பஜ்ஜிக்கு வாழைக்காய் போடாதவனுங்க, கோபுரத்துக்கு மட்டும் அஸ்திவாரம் போட்டிருப்பானுங்களா?" என்றார் பொங்கியண்ணன்.

கோபுரம் சாய்ந்த காரணம் அன்றுதான் விளங்கியது.

கை கழுவப் போன நாச்சிமுத்து, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு வெளிறிப்போய்த் திரும்பினார். "அந்தப் பக்கம் நின்னு பாத்தா, இங்க வலப்புறம் சாயறது இடப்புறம் சாயுதுங்க. தள்ளுனது அதிகமாயிருச்சுங்க."

பொங்கியண்ணன் பதறவில்லை. பாதிப் பேரை அந்தப் பக்கம் அனுப்பி, இந்தப் பக்கத்துக்கு எதிராகத் தள்ளச் சொன்னார்.

மாலையில் பஸ் ஹார்ன் அடித்தது. ஓட்டுநர் விட்டுவிட்டுப் போய்விடுவார் என்றார் எஸ்தர். வேறு வழியில்லை. இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் கையை எடுத்து, திரும்பிப் பார்க்காமல் ஓடிவந்து ஏறினார்கள்.

ஊர் எல்லை தாண்டும்வரை எல்லோரும் காதை இறுகப் பொத்திக்கொண்டிருந்தார்கள். விழுகிற சத்தம் கேட்டால்தானே பொறுப்பு.