இடப்பக்கம் விழுந்த முடிச்சு

ஒரு ஊர்ல ஒரு பூக்காரி இருந்தா. பேரு வடிவு. கோயில் வாசல்ல உக்காந்து நொட்டாங்கையால, இடது கையாலதான், சர்ரு சர்ருன்னு பூ கட்டுவா. டவுன் பூக்கடைக்கும் அவதான் கட்டிக் கொடுப்பா. எல்லாரும் போடுற முடிச்சு வலப்பக்கம் விழும், இவளோடது மட்டும் இடப்பக்கம் விழும். இதை ஞாபகம் வச்சுக்கடா, அப்புறம் வேணும். ம் சொல்லு.

“ம்.”

வடிவுக்குப் புருஷன் இல்ல, செத்துட்டான். ஒரே மக, செல்லக்கிளி. அவளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு. அப்போ மாப்பிள்ளையோட அத்தை காந்திமதி வந்து, பொண்ணு தலைக்குச் சுமங்கலி கட்டுன பூதான் வைக்கணும், புருஷன் இல்லாத வடிவு அதைத் தொடவே கூடாதுன்னுட்டா. ஊர்ல பாதிப் பொம்பளைங்க தலையில இருக்கறது வடிவு கட்டுன பூ. பெத்த மக தலைக்கு மட்டும் ஆகாதாம். எனக்குச் சொல்லும்போதே பத்திக்கிட்டு வருது.

வடிவு சண்டை போடல. “சரி மதினி, நான் பூவைத் தொடல”ன்னா. நேரா கடைக்குப் போயி வெள்ளையும் சிவப்புமா பேப்பர் வாங்கிட்டு வந்துட்டா. மல்லி, ரோஜா, ஜடைவில்லை, ஜிமிக்கி, எல்லாம் பேப்பர்லயே செய்யறேன்னு உக்காந்துட்டா.

சரக் சரக்குன்னு வெட்டி, முறுக்கி, மைதாப் பசை தடவி, நூறு நூறா மொட்டு. மூணாம் நாள் பெட்டியைத் திறந்தா, கரப்பான் பசையைத் தின்னு, பேப்பரையும் கொறிச்சு வச்சிருக்கு. வடிவு என்ன செஞ்சா? பசை காய்ச்சும்போது துளி மயில்துத்தம், அந்த நீல நிற விஷ உப்பு, போட்டா. மறுபடி சரக் சரக். ஒரு கரப்பான் கிட்ட வரணுமே.

அப்புறம் மழை. சளசளன்னு விடாம பேஞ்சு, ஓடு ஒழுகி, ரோஜாச் சாயம் கரைஞ்சு மல்லியெல்லாம் செவந்துபோச்சு. செல்லக்கிளி அழுதுட்டா, போதும்மான்னு. “ஒழுகுறது ஓடு. நான் ஏன் நிறுத்தணும்?”னு சொல்லிட்டு வடிவு திரும்ப முதல்லேருந்து ஆரம்பிச்சா. இந்தத் தடவை எவர்சில்வர் தூக்குல போட்டு மூடி வச்சா. தூங்கிட்டியா?

“இல்ல... அப்புறம்?”

அப்புறம் கல்யாண நாள். காந்திமதி கையில வாழை இலைப் பொட்டலத்தோட வந்தா. வடிவு கை பட்டது பேப்பரா இருந்தாலும் ஆகாது, டவுன் கடையில சொல்லி வச்சு சுமங்கலி கையால கட்டின மல்லி வாங்கியாந்திருக்கேன், இதை வைக்கலேன்னா தாலி கட்ட விட மாட்டேன்னுட்டா.

செல்லக்கிளி பொட்டலத்தைப் பிரிச்சா. இந்தப் பக்கம் அந்த மல்லி, அந்தப் பக்கம் அம்மா கட்டின பேப்பர் சரம். மாறி மாறிப் பாத்தா, குபுக்குன்னு சிரிச்சுட்டா.

“அம்மா, முடிச்சைப் பாரு.”

எந்தப் பக்கம் விழுந்திருக்கு, சொல்லு?

“இடப்பக்கம்.”

ஆமா. கடைக்காரன் காந்திமதிகிட்ட சரி சரின்னு தலையாட்டிட்டு, எப்பவும் போல மல்லி மொட்டுகளை வடிவு வீட்டுக்கே அனுப்பிட்டான். கல்யாண வேலைக்கு நடுவுல, யாருக்குன்னே தெரியாம, அவதான் கட்டிக் கொடுத்திருக்கா. காந்திமதி மூஞ்சி சுருங்கிப்போச்சு. அப்படின்னா அதுவும் வேண்டாம், வேற வாங்குறேன்னு திரும்பினா பாரு, அப்போதான் வடிவு அவ கொண்டையைப் பாத்தா. அந்தப் பொட்டலத்துலேருந்தே ரெண்டு முழம் கிள்ளி வச்சிருக்கா.

வடிவு ஒரு எட்டு முன்னாடி வந்தா.

“மதினி, உங்க தலையில இருக்கறதும் நான் கட்டினதுதான். அண்ணன் பந்தியில நல்லாத்தானே இட்லி சாப்பிட்டுக்கிட்டிருக்காரு?”

எல்லாரும் பந்தியைத் திரும்பிப் பாத்தாங்க. காந்திமதி புருஷன் அஞ்சாவது இட்லிக்குச் சாம்பார் கேட்டுக்கிட்டிருந்தாரு.

காந்திமதி தன் கொண்டையைத் தொட்டுப் பாத்துட்டு, ஓரமாப் போய் உக்காந்துட்டா. செல்லக்கிளி அம்மா முன்னாடி போய் தலையைக் குனிஞ்சு உக்காந்தா. வடிவு தன் கையால பேப்பர் மல்லியை வச்சா, ஜடைவில்லையைக் குத்தினா, ஜிமிக்கியை மாட்டிவிட்டா. டும் டும்னு மேளம் கொட்ட, தாலி ஏறிச்சு.

இலையில மிச்ச மல்லி கிடந்துச்சு, நிஜ மல்லி. வடிவு அதுல ஒரு முழம் கிள்ளி, தன் தலையில வச்சுக்கிட்டா. யாரைக் கேட்டா? யாரையும் கேக்கல.

பூ வச்சாச்சு, பந்தி எடுத்தாச்சு, கதையும் ஆச்சு. நீ கண்ணை மூடு.