மாடியிலிருந்து இறங்கி வராதவர்

"ஒரு மணி நேரம் பாடம் எடுத்தேன் டீச்சர். என் மைக் அணைஞ்சு கெடந்திருக்கு. ஒருத்தர்கூடச் சொல்லல."

இதைச் சொல்லும்போது ஞானசிகாமணி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலிலேயே நின்றார்.

ஜெசிந்தா அவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னாள். அவளுக்கு அவர் வயதில் பாதிதான். இணையத்தில் கணக்குப்பதிவியல் கற்றுக்கொடுக்கிறாள். அவளிடம் சேர்ந்தவர்கள் பாதியில் நிற்பதில்லை என்று கேள்விப்பட்டுத்தான் அவர் மார்த்தாண்டத்திலிருந்து பஸ் ஏறி வந்திருந்தார்.

அவர் ஓய்வுபெற்ற கணிதப் பேராசிரியர். தப்பு மாணவர்களிடம்தான் இருக்கும் என்பதில் வாழ்நாளில் ஒருமுறைகூடச் சந்தேகம் வராத மனிதர்.

தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தையும் சொன்னார். ஓய்வுக்குப் பிறகு ஒரு நிறுவனத்துக்காக அவர் எடுக்கும் இணையக் கணக்கு வகுப்பு, நாற்பது பேரோடு தொடங்கியது. ஒவ்வொருவராகச் சொல்லாமல் போய், இப்போது ஒன்பது பேர். அவர்களும் போய்விட்டால் நிறுவனம் வகுப்பை மூடிவிடும்.

"மூடினா என்ன சார்? பென்ஷன் வருதே," என்றாள் ஜெசிந்தா.

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்சாரம் போன பெறவு வீட்டுல நான் வாய்விட்டுப் பேசுறதே அந்த ஒரு மணி நேரந்தான்."

ஜெசிந்தா டம்ளரில் மறுபடி தண்ணீர் ஊற்றினாள்.

முதல் நாள் மாணவர்களுக்கு என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்டாள். நேராகப் பாடத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார். எந்த வாரம் என்ன பாடம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுப்பது சோம்பேறிகளுக்குப் பாய் விரிப்பது என்பது அவர் கட்சி. தேடுகிறவனுக்குத்தான் கணக்கு வரும். பாடத்தின் நடுவே தொணதொணக்கக்கூடாது என்று எல்லோருடைய மைக்கையும், எழுதிக் கேட்கிற இடத்தையும் அன்றைக்கே அடைத்துவிட்டார். வகுப்பு என்றால் ஒழுங்கு வேண்டுமே.

ஜெசிந்தா எழுந்தாள். அவரை மாடி அறைக்குக் கூட்டிப்போய்க் கையில் ஒரு டேப்லெட்டைக் கொடுத்தாள். தான் கீழே இருந்து ஒரு பாடம் நடத்தப்போவதாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

திரையில் அவள் முகம் வந்தது. உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை.

அவர் சத்தத்தைக் கூட்டிப் பார்த்தார். காதோடு வைத்துப் பார்த்தார். எழுதிக் கேட்கலாம் என்றால் அந்த இடம் அடைத்துக் கிடந்தது. கண்ணில் பட்ட பொத்தானையெல்லாம் அமுக்கினார். ஒன்றும் ஆகவில்லை.

அவள் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள். நடுவில் எதற்கோ சிரித்தாள். எதற்கென்று தெரியாமல் இவரும் சிரித்து வைத்தார்.

வேர்த்தது. இவ்வளவு படித்தும் ஒரு சின்ன சாதனத்தைக் கையாளத் தெரியவில்லையே என்று இருந்தது. மற்றவர்களுக்கெல்லாம் இது சுலபமாக இருக்கும். வீட்டுக்குப் போய்விடலாமா என்றுகூட ஒரு நினைப்பு வந்தது.

அவள் திரையிலிருந்து நேராகப் பார்த்தபோது புரிந்ததுபோலத் தலையை ஆட்டினார்.

பாடம் முடிந்து அவள் மேலே வந்தாள்.

"புரிஞ்சுதா சார்?"

"புரிஞ்சுது."

"என்ன சொன்னேன்?"

அவர் டேப்லெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சத்தமே வரல," என்றார் கடைசியில்.

"ஒரு படிக்கட்டுதானே சார். இறங்கி வந்து சொல்லியிருக்கலாமே."

"தப்பு எங்கிட்டதான் இருக்கும்னு நெனச்சேன்."

சொன்னதைத் தானே கேட்டவர்போல நிமிர்ந்தார். ஜெசிந்தா கதவை அகலத் திறந்து வைத்தாள்.

அவர் புறப்படும்போது வாசல்வரை வந்து ஒன்றுதான் கேட்டாள்.

"என்ன தெரிஞ்சிருந்தா இறங்கி வந்திருப்பீங்க சார்?"

பஸ்ஸில் அதையே யோசித்துக்கொண்டு போனார். இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டார்.

அடுத்த வகுப்புக்குள், கடைசிவரை எந்த வாரம் என்ன பாடம் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பினார். ஒவ்வொரு பாடத்திலும் முதல் கணக்கைத் தானே முழுதாகப் போட்டுக் காட்டுவதாகவும், இரண்டாவதில் பாதியை மாணவர்கள் முடிக்க வேண்டும் என்றும், மூன்றாவது முழுக்க அவர்களுடையது என்றும் எழுதினார். விட்டுப்போனவர்கள் எங்கிருந்து தொடரலாம் என்பதும் அதில் இருந்தது. அடியில் தன் கைப்பேசி எண்.

வகுப்பு தொடங்கியது. திரையில் ஒன்பது கறுப்புக் கட்டங்கள், ஒன்பது பெயர்கள். அடைத்து வைத்ததையெல்லாம் திறந்துவிட்டார்.

"கேக்கலன்னாலோ புரியலன்னாலோ உடனே சொல்லுங்க. தப்பு எங்கிட்டதான் இருக்கும்."

யாரும் பேசவில்லை. அவர் காத்திருந்தார். எதிர்வீட்டுக் குக்கர் சத்தம் கேட்டது. இவர்களும் போய்விடுவார்கள் என்றே நினைத்தார்.

பிறகு ஒரு பெண்குரல், தயங்கித் தயங்கி.

"சார், போர்டு பாதிதான் தெரியுது."

"இன்னிக்கா?"

"மொத நாள்லேருந்தே சார்."

ஞானசிகாமணி எழுந்தார். இரண்டு கையாலும் போர்டைப் பிடித்து நகர்த்தினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

"இப்போ?"

"இன்னும் கொஞ்சம் சார்," என்றது இன்னொரு குரல்.