பத்து மணிக்குப் பொருத்துக

கப்பலின் முன்துண்டு நடுத்துண்டோடு சேரவில்லை. நான்கு மில்லிமீட்டர் இடித்தது.

மூன்று நாள் முயன்றாயிற்று. மூன்று நாளும் அதே நான்கு.

சின்னப் போர்க்கப்பல். கார்வெட் என்பார்கள். வரைபடம், செய்முறைப் புத்தகம், எல்லாம் வெளிநாட்டுக் கப்பல்கட்டும் தளம் கொடுத்தது. கற்றுக்கொண்டு நாமே கட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை அவர்களுடைய ஆய்வாளர் வருகிறார். சேரவில்லையென்றால் அடுத்த மூன்று கப்பலும் அங்கேயே. இங்கே நானூறு பேர் வீட்டுக்கு.

ஃபோர்மேன் பயிற்சிக்கூடத்துக்குப் போனார். அங்கே ஆசிரியை பிலோமினா. அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த நாட்டில் இரண்டு வருஷம் படித்து வந்தவர்.

"டீச்சர், பிளேட்டே கோளாறு. விளிம்பை அரைச்சுத் தள்ளிடவா?"

"புத்தகப்படிதானே செஞ்சீங்க?"

"எழுத்துக்கு எழுத்து. பத்து மணிக்குப் பொருத்துகன்னு இருக்கு. ஒரு நிமிஷம் பிசகலை. அவங்க காப்பி வேளையைக்கூட மாத்தலை, போங்க."

பிலோமினா எழுந்து ஃபோர்மேனோடு தளத்துக்கு நடந்தார். பத்து மணி. முன்துண்டு அப்போதுதான் கொட்டகை நிழலிலிருந்து வெளியே வந்திருந்தது. நடுத்துண்டு விடிந்ததிலிருந்து வெயிலில்.

"ஷூவைக் கழற்றுங்க அண்ணே."

"டீச்சர், பாதுகாப்பு விதி..."

"கழற்றுங்க. ஏறி நில்லுங்க."

ஃபோர்மேன் முன்துண்டின் மேல் நின்றார். ஒன்றுமில்லை. நடுத்துண்டில் கால் வைத்தார்.

"யம்மாடி!"

கீழே வெல்டர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "ஃபோர்மேன் சாமியாடுறாரு டோய்!"

ஃபோர்மேன் இறங்கி வந்தார். "அந்த ஊர்ல பத்து மணிக்கு எப்படி இருக்கும் டீச்சர்?"

"அப்பத்தான் பனி விலகும். கையுறையோட நிப்பாங்க. இரும்பு விரியாது."

ஃபோர்மேன் உள்ளங்காலைத் தேய்த்துக்கொண்டே நின்றார்.

அன்று மாலையே முன்துண்டை வெளியே இழுத்து வைத்தார். மறுநாள் காலை ஐந்து மணி. இரண்டு துண்டும் ஒரே குளிர்ச்சி. சத்தமில்லாமல் உட்கார்ந்தன.

வெள்ளிக்கிழமை ஆய்வாளர் வந்தார். அளந்தார். மறுபடி அளந்தார். புத்தகத்தைப் புரட்டினார். 'பத்து' அடிக்கப்பட்டு, மேலே பேனாவால் 'ஐந்து'.

"யார் மாற்றியது?"

ஃபோர்மேன் பிலோமினாவைக் கைகாட்டினார்.

"நானா? நான் பேனாவையே தொடலையே," என்றார் பிலோமினா.

ஆய்வாளர் புத்தகத்தை நீட்டினார். "அடுத்த மூன்று கப்பலையும் இதை வைத்துத்தான் இங்கே கட்டப்போகிறீர்கள். திருத்தியவர் பெயர் வேண்டும்."

முப்பது வருஷமாக அடுத்தவர் எழுதியதற்குக் கீழே 'அவ்வாறே செய்யப்பட்டது' என்று மட்டும் எழுதிய கை. ஃபோர்மேன் பேனாவைத் திறந்தார்.

எழுதினார்:

சந்தியாகு இருதயராஜ்.