உப்பு லைட் எரியாத வீடு

குருன்னா தாடி இருக்கணும்னு சட்டம் ஒண்ணும் இல்ல. இந்தக் கதையில வர்ற குருவுக்கு முப்பத்தொரு வயசு. பேரு ஜெசிந்தா. ஸ்கூட்டர்ல ஸ்பேனர் செட்டை வெச்சுக்கிட்டு, நாவலூர் பக்கம் வீடு வீடாப் போய் டிஷ்வாஷர் ரிப்பேர் பண்றவ.

சிஷ்யனுக்கு நாப்பத்தொம்பது. தணிகாசலம். இருபது வருஷம் மிக்ஸி, கிரைண்டரைப் பிரிச்சு மேஞ்ச கை. டிஷ்வாஷர் கத்துக்கலாம்னு அவ வேலை பாக்குற கம்பெனியில சேர்ந்தாரு. "குருவே"ன்னு மொதல்ல கிண்டலாத்தான் கூப்பிட்டாரு. ரெண்டாவது வாரத்துலயே கிண்டல் போயிடுச்சு, குரு மட்டும் நின்னுடுச்சு.

அவ வாயத் தொறந்தாப் போதும், இவரு நோட்டைத் தொறந்துடுவாரு. மூணு மாசத்துல நூத்தித் தொண்ணூறு பக்கம். படம் வேற.

கதை நடக்கற அன்னிக்கோட ட்ரெயினிங் முடியுது. தணிகாசலத்தை வேலையில வெச்சுக்கலாமா வேண்டாமான்னு ஜெசிந்தாதான் எழுதிக் குடுக்கணும். அதே நாள் பாத்து, அவரு மொத மொதல்ல தனியா மாட்டின மெஷினை "எடுத்துட்டுப் போங்க"ன்னு சொல்லிட்டாங்க கோமளவல்லி அம்மா. நாலு மணிக்கு வண்டி வருது.

"மாட்டின மெஷின் திரும்பி வந்தா நான் என்ன எழுதறதுண்ணே?"ன்னா ஜெசிந்தா, லிஃப்ட்ல.

தணிகாசலம் நோட்டைப் புரட்டிக்கிட்டே வந்தாரு.

கோமளவல்லி அம்மா கதவத் தொறக்கும்போதே கையில ஒரு கண்ணாடி டம்ளர். விபூதி பூசின மாதிரி வெள்ளையா இருந்துச்சு.

"பாரும்மா. இதுல ஜூஸ் குடுத்தா சம்பந்தி வீட்ல என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க? ரெண்டு மாசமா இதே கதை. இவரும் வந்து வந்து என்னத்தையோ மாத்தறாரு."

"பவுடர் மாத்தினேன்"னாரு தணிகாசலம். "தண்ணி சுத்தி அடிக்குமே, அந்தக் கையை மாத்தினேன். பம்பு மாத்தினேன். அப்பவும் இந்த வெள்ளை நிக்கல. நான் எங்க குருவே தப்பு பண்ணேன்?"

ஜெசிந்தா மெஷின் முன்னால உக்காந்தா. மெஷினைத் தொறந்து கீழ்த் தட்டை வெளிய இழுத்தா. தண்ணியில இருக்கற சுண்ணாம்பு டம்ளர்ல வெள்ளையாப் படியாம இருக்க மெஷினுக்கு உப்பு வேணும்; அடியில இருக்கற அந்த உப்பு டப்பா மூடியைத் திருகினா. விரலை விட்டா. அரை விரல் கூட இறங்கல. கழுத்து வரைக்கும் உப்பு.

"உப்பு யாரும்மா போடறா?"

"நான்தான். வெள்ளிக்கிழமை குளிச்சுட்டு, சமையல் ஜாடியில போட்டுட்டு, இதுலயும் ஒரு ஸ்பூன் போடுவேன். கம்பெனி உப்பேதான், கல்லுப்பெல்லாம் கிடையாது."

"ஒரு ஸ்பூன் போதுமா?"

"அதுவே கொள்ள மாட்டேங்குது! நிறைஞ்சேதான் இருக்கு." அம்மா குரல்ல பெருமை. "எங்க வீட்ல உப்பு தீர்ந்துச்சுன்னு வாயால கூட சொல்ல மாட்டோம். இதுல உப்பு தீர்ந்தா லைட் எரியும்னாரு இவரு. இன்னி வரைக்கும் எரியல. எரிய விடுவேனா?"

"நானும் பாத்தேன் குருவே"ன்னாரு தணிகாசலம். "மூணு தடவை வந்தேன், மூணு தடவையும் லைட் எரியல. சரி, உப்பு விஷயம் ஓகேன்னு டிக் போட்டுட்டேன்."

தண்ணியில எவ்ளோ சுண்ணாம்புன்னு மெஷினுக்குச் சொல்ற செட்டிங்கை ஜெசிந்தா பாத்தா. சைபர்.

"யாருண்ணே சைபர் வெச்சது?"

"நான்தான். தண்ணியை டெஸ்ட் பண்ணித்தான் வெச்சேன். டெஸ்ட் பேப்பர் பட்டையை முக்கினேன், கலரே மாறல. அவ்ளோ நல்ல தண்ணி! நோட்டுலயே இருக்கு, பாருங்க."

"எந்தத் தண்ணியில முக்கினீங்க?"

தணிகாசலம் யோசிச்சாரு. அன்னிக்கு நல்ல வெயில். அம்மா ஒரு சொம்பு தண்ணி குடுத்தாங்க. பாதி குடிச்சாரு. மீதி…

"அய்யோ."

"நான் குடுத்ததா?"ன்னாங்க அம்மா. "அது ஃபில்டர் தண்ணியாச்சே!"

ஜெசிந்தா சிங்க்குக்குக் கீழ குனிஞ்சா. மெஷினுக்குப் போற குழாயைக் கழட்டி ஒரு டம்ளர் புடிச்சா. அவரு கையில குடுத்தா.

"குடிங்கண்ணே."

ஒரு வாய்தான். தணிகாசலம் மூஞ்சி கோணிடுச்சு. சிங்க்குல துப்பிட்டாரு. "ச்சே! போர் தண்ணி. கரிக்குது."

"மெஷினுக்கு யாரும் சொம்புல குடுக்கலையேண்ணே."

அவரே புதுப் பட்டை எடுத்து அந்த டம்ளர்ல முக்கினாரு. கட்டம் கட்டமா செவந்துச்சு. அட்டையில ஒப்பிட்டுப் பாத்தாரு. ஆறு. ஆறுல வெச்சாரு. குழாயை மாட்டினாரு. டம்ளரை அடுக்கப் போனவரை ஜெசிந்தா தடுத்தா.

"இப்ப வேண்டாம். ஒரு ரவுண்டு சும்மா ஓடட்டும். இப்பதான் அது உப்பையே தொடப் போகுது."

மெஷின் ஓடுச்சு. தணிகாசலம் கையத் தொடச்சாரு. அப்புறம் அம்மா பக்கம் திரும்பினாரு.

"அம்மா, பவுடர் மேலயும் தப்பில்ல, பம்பு மேலயும் தப்பில்ல. சைபர்ல வெச்சா இது உப்பை எடுக்காது. லைட்டும் எரியாது. வெச்சவன் நான். முழுக்க என் தப்பு."

கோமளவல்லி அம்மா அவரை மேலயும் கீழயும் பாத்தாங்க. "ரெண்டு மாசமா நான் பவுடர்காரனைத் திட்டிட்டு இருந்தேன்யா!"

"இனிமே என்னைத் திட்டுங்க."

"அதுக்கு டம்ளர் வெளிய வரட்டும்."

பழைய வெள்ளையை எலுமிச்சம்பழம் வெச்சு அவரே தேய்ச்சு எடுத்தாரு, பன்னெண்டு டம்ளர். அடுக்கி ரெண்டாவது ரவுண்டு விட்டாரு. மூணே கால் மணிக்குக் கதவைத் தொறந்தா ஆவி. அம்மா ஒரு டம்ளரை ஜன்னலுக்கு நேரா புடிச்சாங்க. எதிர் பிளாட் பால்கனியில காயற துண்டோட பூ டிசைன் வரைக்கும் தெரிஞ்சுச்சு.

ஃபோனை எடுத்தாங்க. "வண்டி வேண்டாம்ப்பா. ஆமா. இங்கயே இருக்கட்டும்."

வெச்சுட்டு சந்தேகமாக் கேட்டாங்க. "இனிமே அந்த லைட் எரியாதுல்ல?"

"எரியும்மா"ன்னா ஜெசிந்தா. "உப்பு தீரத் தீர எரியும். எரிஞ்சாத்தான் போடணும். வெள்ளிக்கிழமைக்கு அந்த ஜாடி போதும்."

அம்மாவுக்கு அது அவ்ளவா புடிக்கல. ஆனா டம்ளரைக் கீழ வெக்கவே இல்ல.

ஸ்கூட்டர்கிட்ட வந்ததும் ஜெசிந்தா ஃபாரத்தை எடுத்து, சீட் மேல வெச்சே எழுதினா. "நாளையிலேர்ந்து தனியாப் போகலாம்"னு எழுதி, கீழ கையெழுத்து.

தணிகாசலம் அதை வாங்கி மடிச்சாரு. நோட்டுக்குள்ள வெக்கப் போனாரு. நின்னுட்டாரு.

"ஒண்ணு கேக்கட்டா குருவே? மெஷினுக்குப் போற குழாய்லதான் தண்ணி புடிக்கணும்னு மொத வாரமே சொன்னீங்க. இந்தா இருக்கு, பதினோராம் பக்கம். அடிக்கோடு கூட போட்டிருக்கேன். நீங்க சொன்னதுல ஒரு வார்த்தை விடல, எல்லாத்தையும் வெச்சிருக்கேன். அப்புறம் ஏன் எனக்கு வரல?"

ஜெசிந்தா ஹெல்மெட்டை மாட்டினா.

"அந்த உப்பு டப்பாவும் நிறைஞ்சுதானேண்ணே இருந்துச்சு."