பூஜை முடிந்த கம்ப்யூட்டர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து வந்தால், ஆபீஸின் கிழட்டுக் கம்ப்யூட்டர் ஸ்டார்ட் ஆகும்போதே பாதியில் நின்று ‘பீப் பீப்’ என்று கத்தியது. எது கெட்டாலும் முதலில் கண்ணில் படுவது துடைப்பம் பிடித்தவர்தானே! மேலாளர் தணிகாசலம் துப்புரவுப் பணியாளர் பச்சையம்மாவிடம் பாய்ந்தார்.

“துடைக்கிறேன்னு நீதான் கெடுத்திருக்க. இன்னையோட உன் வேலை போச்சு!”

பச்சையம்மா கீபோர்டைக் குனிந்து பார்த்தாள். “இதுக்குச் சந்தனம் வச்சது யாருங்க சார்?”

“வருஷா வருஷம் நான்தான். வேற யாரையும் தொட விடமாட்டேன்.”

அவள் கொண்டை ஊசியால் காய்ந்த சந்தனத்தைச் சுரண்டினாள். அமுங்கியே கிடந்த ஒரு பொத்தான் மேலே எழும்பியது. மறுபடி போட்டதும் கம்ப்யூட்டர் ஓடியது.

பச்சையம்மா துடைப்பத்தை எடுத்துக்கொண்டாள். “நான் துடைச்சிருந்தா, இது நின்னே இருக்காதுங்க சார்.”