விலக்கு இலைகளும் வளைந்த சுரங்கமும்

கேட்பவர்களே, உங்கள் வீட்டை நோக்கி வந்த துன்பம் ஒன்று, நீங்கள் போட்ட கூச்சலில் வழிமாறிப் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது அடுத்து எந்த வாசலுக்குப் போயிற்று என்று என்றேனும் பின்தொடர்ந்து சென்று பார்த்ததுண்டா?

செதிலி என்னும் பெண் அழுங்கு ஒருமுறை அப்படிப் போய்ப் பார்த்தாள்.

அவள் வாழ்ந்தது கருங்கரடு என்னும் குன்றில். எறும்பைத் தின்று, அஞ்சினால் பந்தாகச் சுருண்டுகொள்ளும் எளிய உயிர் அவள். ஆனால் எதைக் கண்டாலும் ‘ஏன்?’ என்று கேட்காமல் அவளால் இருக்க முடியாது. அந்தக் குன்றின் சரிவெங்கும் வளைகள். வளைக்கு மேல் வளை, வாசலுக்கு எதிரே வாசல். ஒருவர் தும்மினால் ஒன்பது வீட்டார் விழித்துக்கொள்வார்கள். ஆகையால் காடு அதை வளைநகர் என்றே அழைத்தது. அவ்வளவு பேருக்கும் கோடையில் குடிநீர் தந்தது, குன்றின் அடிவாரத்தில் சுரந்த ஒரே ஓர் ஊற்று.

குன்றுக்கு மேற்கே கிழங்கு விளையும் காடு. கிழக்கே பெரிய ஏரி. இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய கணவாய். காட்டுப்பன்றிகள் காலையில் ஏரிக்கும் மாலையில் கிழங்குக்கும் அதன் வழியே முட்டி மோதி ஓடும். அந்த ஆண்டு கோடையில், நெரிசலில் சிக்கி இரண்டு பன்றிக் குட்டிகள் மிதிபட்டுக் கால் முறிந்தன.

“இனியும் பொறுக்க முடியாது! எங்களுக்கு வேறு வழி வேண்டும்!” என்று பன்றித் தாய் கருமயிரி கதறினாள்.

காட்டின் தலைவராகிய காட்டெருது பெருந்திமிலர் அதைக் கேட்டு மனம் இளகினார். “குன்றின் அடியில் நேராக ஒரு சுரங்கப் பாதை குடைவோம்!” என்று அறிவித்தார். முந்நூறு பெருச்சாளிகளுக்குத் தலைவனான அகழ்வானிடம் அந்த வேலை ஒப்படைக்கப்பட்டது.

அகழ்வான் வளைநகரத்தாரை ஆலமரத்தடியில் கூட்டினான். தரையில் வாலால் ஒரு நேர்கோடு இழுத்தான்.

“பாதை இப்படித்தான் போகும். முள்ளம்பன்றியார் வீட்டுக்கு அடியில் நுழையும். உடும்பார் வீட்டைத் தாண்டும். அழுங்கு அம்மாள் வீட்டைக் கடந்து, மறுபக்கம் போய்ச் சேரும்!”

கூட்டம் கொதித்து எழுந்தது.

“என் வீட்டுக்கு அடியிலா?” என்று முள்ளம்பன்றி கூர்முதுகர் சிலிர்த்து நின்றார். “அடேய்! என் முதுகில் எத்தனை முள் இருக்கிறதென்று எண்ணிவிட்டு அப்புறம் பேசு!”

“மாமா கோபப்பட வேண்டாம்!” அகழ்வான் தலைதாழ்த்தினான். ஒரு தேக்கிலையை எடுத்தான். அதன் ஓரத்தில் தன் முன்பற்களைப் பதித்தான். “இதோ விலக்கு இலை. இதை வாசலில் தொங்கவிடுங்கள். உங்கள் வீட்டை எங்கள் பல் தீண்டாது!”

கூர்முதுகரின் முட்கள் படுத்துக்கொண்டன. “பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் இருக்கிறான்” என்று சொல்லி அவர் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்து உடும்பு வல்லுகிர் கத்தினான். அவனுக்கும் ஓர் இலை. கீரிக் குடும்பம் கீச்சிட்டது. அதற்கும் ஓர் இலை. செதிலியும் சும்மா இருக்கவில்லை. “என் குட்டி பிறந்து இருபது நாள்தான் ஆகிறது! வீடு இடிந்தால் நான் எங்கே போவேன்?” என்று மற்றவர்களைவிட ஒரு பங்கு கூடுதலாகவே கத்தினாள். அவள் கையிலும் ஓர் இலை வந்து விழுந்தது.

கத்தியவர் எல்லாரும் இலை பெற்றார்கள். இலை பெற்றவர் எல்லாரும் வாய் மூடினார்கள். பொழுது உச்சிக்கு வருமுன் ஆலமரத்தடி அமைதியாகிவிட்டது.

“நாம் வென்றுவிட்டோம்!” என்று வழியெல்லாம் பாடிக்கொண்டே கலைந்தார்கள்.

செதிலி மட்டும் நடக்காமல் நின்றாள். அவள் கண்ணில் ஒன்று பட்டிருந்தது. கேட்ட இடத்திலெல்லாம் விட்டுக்கொடுத்துத் தோற்ற அகழ்வான், மீசையைத் தடவியபடி சிரித்துக்கொண்டு போனான்.

‘தோற்றவன் எதற்காகச் சிரிக்கிறான்?’

இந்தக் கேள்வி அவளை உண்ணவிடவில்லை. மறுநாள் விடிந்ததும், குட்டியை வால்மேல் ஏற்றிக்கொண்டு அவள் புறப்பட்டாள். பாதை போகும் இடத்தைக் காட்ட, பெருச்சாளிகள் வரிசையாக மூங்கில் முளைகளை அடித்திருந்தன. செதிலி ஒவ்வொரு முளையாகத் தொட்டுக்கொண்டே நடந்தாள்.

கூர்முதுகர் வீட்டருகே முளைகள் இடப்புறம் விலகின. வல்லுகிர் வீட்டருகே இன்னும் கொஞ்சம் விலகின. அவளுடைய வீட்டைச் சுற்றி மிக மரியாதையாக ஒதுங்கின. அப்படி விலகி விலகிக் கீழே இறங்கிப் போய், கடைசியில் ஒரு முளை ஈர மண்ணில் நின்றது.

அது ஊற்றின் விளிம்பு.

செதிலி திடுக்கிட்டாள். ஊற்றில் வாழும் வயதான நண்டு மெல்லத் தலையை நீட்டியது.

“ஐயா, இந்த முளையை இங்கே அடித்தபோது நீங்கள் ஒன்றும் கேட்கவில்லையா?”

“கேட்டேன் அம்மா. ‘ஊற்று உனக்குச் சொந்தமா?’ என்று திருப்பிக் கேட்டார்கள். ‘இல்லை, எல்லாருக்கும் சொந்தம்’ என்றேன். ‘அப்படியானால் எல்லாரும் வந்து கேட்கட்டும்’ என்று சொல்லிவிட்டு அடித்தார்கள். நேற்றிலிருந்து காத்திருக்கிறேன். நீ ஒருத்திதான் வந்திருக்கிறாய்.”

“இங்கே குடைந்தால் என்ன ஆகும்?”

“நீர் சுரங்கத்துக்குள் இறங்கி ஏரிப்பக்கம் ஓடிவிடும். இங்கே சேறுகூட மிஞ்சாது. குட்டி தண்ணீர் குடிக்கட்டும், இறக்கிவிடு. பாவம், நாக்கு வறண்டிருக்கிறது.”

குட்டி ‘சளக் சளக்’ என்று குடித்தது. செதிலி அந்த ஒலியைக் கேட்டுக்கொண்டே நின்றாள். பிறகு குனிந்து, ஊற்றுக்கரை மண்ணில் நகத்தை வைத்தாள். பிசைந்த மாவில் இறங்குவதுபோல நகம் இறங்கியது. தோண்டிப் பிழைக்கும் குலத்தில் பிறந்தவள் அல்லவா? அவள் மனத்தில் அடுத்த கேள்வி முளைத்தது.

‘இங்கே மண் இவ்வளவு மென்மை. மேலே, அவன் முதலில் கோடு போட்ட இடத்தில் எப்படி?’

தன் வீட்டுத் தரை அவளுக்குத் தெரியும். மூன்று முழத்துக்குக் கீழே நகம் நுழையாத கரும்பாறை. அது தனக்கு மட்டும் வாய்த்த அதிர்ஷ்டம் என்று எண்ணி, இத்தனை நாளும் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தாள். இப்போது நேரே கூர்முதுகர் வீட்டுக்குப் போனாள்.

“மாமா, உங்கள் வீட்டுத் தரை மண்ணா, கல்லா?”

“இதை ஏன் கேட்கிறாய்?” கூர்முதுகர் இங்கும் அங்கும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். “கரும்பாறை! தேய்த்தால் முகம் பார்க்கலாம். இந்த ஊரில் வேறு எவனுக்கு உண்டு, சொல்! வெளியில் மூச்சுவிடாதே, கண் பட்டுவிடும்.”

செதிலி வல்லுகிரிடம் போனாள்.

“அண்ணா, உங்கள் வீட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது?”

“பாறை! ஒரே பாறை!” வல்லுகிர் மார்பை நிமிர்த்தினான். “பக்கத்து வீட்டு முள்ளுக்காரருக்குத் தெரிந்தால் வயிறெரிந்து சாவார். உன் வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்!”

கீரி வீட்டிலும் இதே சொல். அதற்கு அடுத்த வீட்டிலும் இதே சொல். எல்லார் வீட்டுக்கும் அடியில் இருந்தது ஒரே பாறை. எல்லாரும் அதைத் தத்தம் வீட்டுப் பெருமையாக மறைத்து வைத்திருந்தார்கள்!

செதிலிக்கு இப்போது விளங்கியது. முதல் கோட்டில் இந்தப் பாறைக்குள் அகழ்வானால் ஒரு முழம்கூடக் குடைய முடியாது. அவன் நெஞ்சில் தொடக்கத்திலிருந்தே இருந்தது ஊற்றின் ஈர மண்தான். ஊற்றைக் குடைகிறேன் என்று அவன் நேராகச் சொல்லியிருந்தால் ஊரே திரண்டிருக்கும். ஆகவே வீடுகளுக்கு அடியில் கோடு போட்டான். ஒவ்வொருவரும் தள்ளத் தள்ள, அவன் போக விரும்பிய இடத்துக்கே போய்ச் சேர்ந்தான்!

அன்று மாலையே ஆலமரத்தடியில் ஊர் கூடியது. பெருந்திமிலரும் வந்தார், அகழ்வானும் தன் பெருச்சாளிகளோடு வந்தான், கருமயிரி தன் கூட்டத்தோடு வந்தாள். செதிலி கண்டதையெல்லாம் சொன்னாள்.

அகழ்வான் வாய்விட்டுச் சிரித்தான். “எறும்பு தின்கிறவளுக்கு இவ்வளவு கற்பனையா! தலைவரே, முந்நூறு பேர் பல் வைத்தால் எந்தப் பாறையும் தூளாகும். இவர்கள் வீடு இடியக் கூடாதே என்ற இரக்கத்தால்தான் விலகிப் போகிறேன்.”

“கேட்டாயா?” என்று கூர்முதுகர் செதிலியைப் பார்த்து உறுமினார். “நன்றாகப் போய்க்கொண்டிருக்கும் காரியத்தைக் கெடுக்காதே. வேண்டுமானால் உன் வீட்டைக் கொடு, தோண்டட்டும்!”

செதிலிக்குச் சுருண்டுகொள்ளத் தோன்றியது. சுருண்டால் ஒரு சொல்லும் காதில் விழாது. பெருச்சாளிகள் மெய்யாகவே பாறையைக் குடைந்துவிட்டால்? இருக்கும் ஒரே வீடும் போகுமே! அவள் உடல் பாதிவரை வளைந்தது. அப்போது வால்மேல் இருந்த குட்டி, தண்ணீருக்காக நாக்கை நீட்டி அவள் முதுகை நக்கியது.

அவள் நிமிர்ந்தாள். தன் விலக்கு இலையை அகழ்வான் முன்னே வைத்தாள்.

“இந்தா, உன் இலை! நீ முதலில் சொன்ன கோட்டிலேயே தோண்டு. என் வீட்டிலிருந்தே தொடங்கு!”

அகழ்வான் இலையைக் காலால் அவள் பக்கமே தள்ளினான். “கொடுத்த இலையைத் திரும்ப வாங்கும் வழக்கம் எங்கள் குலத்தில் இல்லை.”

“வீட்டுக்காரியே தோண்டச் சொல்கிறாள்” என்றார் பெருந்திமிலர். “எந்தப் பாறையும் தூளாகும் என்று இப்போதுதானே சொன்னாய்? உனக்கு என்ன தயக்கம்?”

ஊரே செதிலியின் வளைக்கு நடந்தது; வேறு வழியின்றி அகழ்வான் தோண்டச் சொன்னான். முந்நூறு பெருச்சாளிகள் செதிலியின் வளைக்குள் பாய்ந்தன. அவளும் அவள் தாயும் தோண்டிய கூடம் சரிந்தது. குட்டி பிறந்த மூலை மண்ணாயிற்று. செதிலி கண்ணை மூடவில்லை. முழுவதையும் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று முழம் இறங்கியதும் ‘கிரீச்’ என்று ஓர் ஒலி. பிறகு ‘டக்!’ ஒரு பல் தெறித்து வெளியே வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. அரை நாழிகையில் முந்நூறும் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடி வந்தன.

வளை போயிற்று. பாறை ஒரு கீறலும் இன்றி நின்றது.

“இவள் வீட்டில்தான் பாறை!” என்று அகழ்வான் திணறினான். “மற்ற வீடுகளில்…”

“என் வீட்டிலும் பாறைதான்” என்று கூர்முதுகர் முனகினார். எல்லாரும் திரும்பினார்கள். “என்… என் வீட்டிலும்” என்றான் வல்லுகிர். “எங்கள் வீட்டிலும்!” என்றது கீரிக் குடும்பம். ஒருவரையொருவர் பார்த்து வாய் பிளந்தார்கள்.

கருமயிரி சேற்றுக் காலோடு முன்னே வந்தாள். “அப்படியானால் ஊற்று மண்ணுக்குள்ளே எங்களுக்குப் பாதை போடப் பார்த்தாயா? ஈர மண் கூரை எத்தனை நாள் நிற்கும்? என் பிள்ளைகள் நெரிசலில் பட்டது போதாதென்று உயிரோடு புதையவும் வேண்டுமா?”

அகழ்வான் ஒவ்வோர் அடியாகப் பின்னே நகர்ந்தான். அவனும் அவன் கூட்டமும் வந்த வழியே ஓடி மறைந்தார்கள். கூர்முதுகர் தம் விலக்கு இலையைக் கிழித்தார், மற்றவர்களும் கிழித்தார்கள்.

ஆனால் செதிலி அப்போதும் உட்காரவில்லை. “பன்றிகளின் துன்பம் பொய்யல்லவே! அதற்கு என்ன செய்யப் போகிறோம்? கணவாய் ஏன் அவ்வளவு குறுகிப்போயிற்று? போய்ப் பார்ப்போமா?”

போய்ப் பார்த்தார்கள். கணவாயின் இருபுறமும், தங்கள் நிலத்தைப் பெருக்க வளைநகரத்தாரே ஆண்டுக்கு ஒரு முழமாகத் தள்ளித் தள்ளி வைத்த கள்ளி வேலிகள் நின்றன. கூர்முதுகர்தாம் முதலில் தம் வேலியைப் பிடுங்கினார். மூன்றாம் நாள், பன்றிகள் குட்டிகளை நடுவில் விட்டு, முட்டாமல் மோதாமல் ஏரிக்கு நடந்தன. ஐந்தாம் நாள், ஊரே கூடி ஊற்றுக்கு மேல்புறம் செதிலிக்கு ஒரு புதிய வளை தோண்டிக் கொடுத்தது.

தன் வாசலுக்கு மட்டும் விலக்குப் பெற்று வாய் மூடுகிறவன், எல்லார்க்கும் பொதுவானது அழிவதற்குத் தானே வழிகாட்டுகிறான்.

ஆதலால் நண்பர்களே, நாளைக்கு என்று தள்ளாதீர்கள்! உங்கள் ஊரில் இப்போதும் ஏதேனும் ஒரு கோடு, கத்தியவர் வீட்டைச் சுற்றிக்கொண்டு வளைந்து போய்க்கொண்டிருக்கும். இன்றே எழுந்து, அதன் கடைசி முளைவரை உங்கள் காலால் நடந்து பாருங்கள். அங்கே தனக்காகப் பேச ஆளின்றிக் கிடப்பது எதுவாயினும், இன்று பொழுது சாய்வதற்குள் அதற்காக வாய் திறந்து பேசுங்கள்!